பச்சை மாடிக்குப் பின்னால் ஒரு வீடு

ஹட்டன் டவுனை ரயிலில் வந்து இறங்கிப் பார்க்கக் கூடாது என்பார் அந்த அண்ணன். ரயிலில் வந்தால் டவுனின் முதுகுதான் தெரியுமாம். பின்சுவர்கள், தண்ணீர்த் தாங்கிகள், காயப்போட்ட துணிகள். கொட்டகலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வர வேண்டும், அதுவும் முன்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வர வேண்டும். "அப்பதான் தங்கச்சி, கட்டடமெல்லாம் ஒன்னு தோள்ல ஒன்னு கை போட்டுக்கிட்டு மேல ஏறுறது தெரியும்" என்பார். பிள்ளைக்கு மருந்து எடுக்கவும் தீபாவளிக்குத் துணி எடுக்கவும் ஹட்டனுக்குப் போகிறவள் கட்டடத்தையா பார்ப்பாள்? ஆனால் அவர் சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

எங்கள் லயத்தில் எனக்குப் பக்கத்து வீடு அவருடையது. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மண்பாதையில் இறங்கிப் போக வேண்டிய தேயிலைத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே தகரக் கூரை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டாததும் நிறையத் தெரிந்துகொண்டேன். பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் என்றே இருக்கட்டும்.

முதலில் கட்டாரில் டோஹாவிலும் பிறகு டுபாயிலும் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவர். ஊருக்கு வந்தபின் மேசன் பாஸாக, அதாவது கொத்தனாராக, ஹட்டன், நுவரெலியா என்று எங்கே கட்டடம் எழுந்தாலும் போவார். அண்ணி தோட்டத்தில் கொழுந்து பறித்தார். ஒரே மகள், கொட்டகலையில் ஒரு மருந்துக் கடையில் நின்றாள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்துக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அதற்கு முன் நானும் கொழுந்து பறித்தவள்தான்.

அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் கட்டடத்தில் வந்துதான் நிற்கும். ரோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்காகவே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். டுபாயில் வேன் ஓட்டிவிட்டு வந்த ஒருவர் அங்கே அவருக்கு எதிர்க்கட்சி.

"டுபாய்ல கட்டடமெல்லாம் பெரட்டுல நிக்கிற மாதிரி ரோட்டோரமா வரிசையா நிக்கும். நீ ஒவ்வொன்னாத்தான் பாத்துக்கிட்டுப் போகணும்" என்பார் அண்ணன். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் நிற்கிற வரிசை. "டோஹா அப்புடி இல்ல. கடலுக்கு இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் முழு டவுனும் ஒரே தட்டுல வச்ச மாதிரி தெரியும்."

"அதெல்லாம் சரிண்ணே. ஒலகத்துலயே ஒசந்த கட்டடம் எங்க இருக்கு? அதச் சொல்லுங்க."

"ஒசரத்த வச்சு என்னா செய்ய? ஒருத்தன் மட்டும் அவ்வளவு ஒசந்து நின்னா பக்கத்துல நிக்கிறவன் எல்லாம் குட்டையாத்தான் தெரிவான். அது டவுனுக்கு அழகா?"

கடையே சிரிக்கும். மகன்மார் டுபாயில் இருக்கிற வீட்டுக்காரர்கள் டுபாய்க் கட்சி, கட்டாரில் இருக்கிற வீட்டுக்காரர்கள் டோஹாக் கட்சி. பார்த்திராத ஊர்களுக்காகச் சண்டை போடுவார்கள். போனில் படம் எடுத்துக் காட்டினால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "படத்த விடு. எங்க நின்னு பாக்குறங்கிறதுதான் விசயம்" என்பார்.

ஹட்டனையும் நுவரெலியாவையும் அதே மாதிரித்தான் நிறுத்தி வைத்துப் பேசுவார். நுவரெலியா படுத்துக் கிடக்கிற டவுனாம். சிவப்புத் தபால் கந்தோர், குளம், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் பரந்து கிடக்கும். மேலே மலை உட்கார்ந்துகொண்டு ஒரு கட்டடத்தையும் எழும்ப விடாது. பாதி நாள் பனி மூடிவிடும். ஹட்டன் நின்றுகொண்டிருக்கிற டவுன். சரிவில் இடமில்லாததால் மேலே மேலே ஏறிவிட்டது. "எடமில்லாதவன்தான் ஒசந்து கட்டுவான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் ஹட்டன் பக்கத்து ஆட்கள் அல்லவா.

ஆனால் அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நுவரெலியாவில் வேலை முடிந்து வரும்போது சில நாள் நானும் அதே பஸ்ஸில் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் யாரென்றாலும் பேச்சுக் கொடுப்பார். "நீங்க எந்த ஊரு?" என்று அவர்கள் கேட்டால், "ஹட்டன் டவுன்" என்பார். எங்கள் தோட்டத்து முடக்கு வரும். நான் மணியடித்து இறங்குவேன். அவர் இறங்க மாட்டார். என்னைத் தெரியாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, பஸ் போன பிறகு, மழையானாலும் அவ்வளவு தூரமும் திரும்ப நடந்து வருவார். அந்த பஸ்ஸில் இருக்கும் ஒருவரும் அவர் லயத்துப் பாதையில் இறங்குவதைப் பார்த்துவிடக் கூடாது.

முதல்முறை கண்டபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த முறை வரவில்லை. ஒருமுறை கொழும்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊர் கேட்டபோது என் வாயிலும் ஹட்டன் என்றுதான் வந்தது. தோட்டத்துப் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் செய்திருக்கப் போவதில்லை. இருந்தும் நாக்கு அதைச் சொல்லவில்லை. இந்த வெட்கத்தை எங்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை, தானாக வந்துவிடுகிறது.

நுவரெலியாவில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவர் தன் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினார். அந்த வேலைக்கு அண்ணன் போனார். இரண்டு பேருக்கும் ஹட்டன், நுவரெலியா என்று வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இவரைத் தன் மேசையிலேயே உட்கார வைத்தாராம். வேலை முடிவதற்குள் சண்டை சம்பந்தமாக மாறிவிட்டது. அவருடைய மகனுக்கு ஒரு ஹோட்டலில் வேலை, நல்ல பையன். பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

அண்ணன் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியைப் பேசி வைத்தார். என்னையும் என் வீட்டுக்காரரையும் சொந்தக்காரர்களாக வரச் சொன்னார். எனக்கென்று ஒரு ஜோடி நல்ல செருப்பைக்கூட அண்ணியிடம் கொடுத்தனுப்பினார். அதைக் காலில் போடும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அந்த மாடியில் பெரிய கண்ணாடி ஜன்னல். அண்ணன் அதற்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கு டவுனைக் காட்டிக்கொண்டே இருந்தார். எந்த மாடி எப்போது எழும்பியது, எதில் அவர் கை பட்டிருக்கிறது, எது கோணல். மரக்கறிக்கடைக்காரரும் விடவில்லை.

"என்னா சம்பந்தி, மூச்சு முட்ட நெருக்கி வச்சிருக்கீங்க. எங்க ஊர்ல கொஞ்சம் காத்து வரும்."

"காத்து மட்டுந்தான் வரும்" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளைப் பையன்கூடச் சிரித்தான்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா அண்ணியிடம் கேட்டார், "நீங்க வீட்டுலதான் இருக்கீங்களா?"

அண்ணி வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார், "ஆமா, ஆமா. வீட்டுலதான்."

அண்ணியின் கைகள் மேசை மேல் இருந்தன. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. அவர் மெதுவாகக் கைகளை மேசைக்குக் கீழே இறக்கினார். அதைப் பார்த்ததும் என் கைகளும் தாமாகவே கீழே போயின. இரண்டு பேரும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். தட்டில் சோறு ஆறியது.

"வீடு எங்க பக்கம்?" என்று மரக்கறிக்கடைக்காரர் கேட்டார்.

அண்ணன் ஜன்னல் வழியே சரிவில் ஒரு பச்சைக் கட்டடத்தைக் காட்டினார். "அந்தப் பச்ச மாடி தெரியுதா? அதுக்குப் பின்னாலதான். இப்ப கொஞ்சம் வேல நடக்குது, அதான் இங்க கூப்பிட்டேன்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்று சாயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "கல்யாணமாகி வந்த நாள்லருந்து மலையேறிக் கொழுந்தெடுக்குறேன். நான் வீட்டுல சும்மாவா இருந்தேன்? சொல்லுங்க."

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வெற்றிலை மாற்ற வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேலை முடியட்டும், சாந்து காயட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொல்லாமலே புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

அன்று அண்ணன் கூரை மேல் இருந்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. அவர் வீட்டுத் தகரம் ஒன்று துருப்பிடித்து ஒழுகியதால் மாற்றிக்கொண்டிருந்தார். போன் வீட்டுக்குள் கிடந்து அடித்தது. மகள் எடுத்தாள். மரக்கறிக்கடைக்காரர்தான். பச்சை மாடிக்குப் பின்னால் வந்து நிற்கிறோம், இங்கே லொறிகள்தான் நிற்கின்றன, வீடு ஒன்றையும் காணோமே என்றார்.

நான் அப்போது இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்வாசலில், அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அங்க இல்ல மாமா. நாங்க தோட்டத்துல, லயத்துல இருக்கோம். கொட்டகல தாண்டி வாங்க. ரோட்டுல நான் வந்து நிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்து கூரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அப்பா, எறங்குங்க. அவங்க வர்றாங்க."

"எவங்க?"

"நுவரெலியாக்காரங்க. இங்கதான் வர்றாங்க. நான்தான் வழி சொன்னேன்."

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. அவர் சொன்னார், "ரோட்டோட அனுப்பிரு. அப்பா டவுன்ல வந்து பாக்குறாராம்னு சொல்லு." அவள் என்னிடம் வந்தாள். "அத்த, நல்ல கப்பு இருந்தா எடுத்துக் குடுங்க. ஒக்கார கதிரையும் வேணும்" என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

அவர்கள் வருவதற்கும் மழை வலுப்பதற்கும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை, அப்பா, அம்மா. வேன் மண்பாதையில் இறங்கவில்லை, நடந்தே வந்திருந்தார்கள். அம்மாவின் சேலைக் கரையெல்லாம் சேறு. கூடை நிறையக் கரட்டும் லீக்ஸும். அண்ணி கதவில் நின்று கும்பிட்டார். நான்தான் "வாங்க, வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனேன். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டிய முன்காம்பரா. கூரையில் மாற்றிய இடத்துக்குப் பக்கத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சட்டி வைத்திருந்தோம்.

"சம்பந்தி இல்லீங்களா?" என்றார் மரக்கறிக்கடைக்காரர்.

"வேலைக்குப் போயிருக்காரு" என்றார் அண்ணி.

அந்த நேரம் தலைக்கு மேல் தகரம் கிறீச்சென்றது. ஆள் கனத்துக்குத் தகரம் நெளிகிற சத்தம். எல்லாரும் மேலே பார்த்தோம். அண்ணி பதறிப் போய், "பூன. பூனதான்" என்றார்.

"பூன இல்லம்மா" என்றாள் மகள். தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி, நிதானமாகச் சொன்னாள். "அப்பாதான். கூரை ஒழுகுது, தகரம் மாத்துறாரு. அம்மா கொழுந்து எடுக்குறாங்க. நான் பொறந்ததே இந்தக் காம்பராவுலதான். மன்னிச்சுக்குங்க மாமா, அன்னைக்கு ஹட்டன்ல நாங்க யாரும் இதச் சொல்லல."

மாப்பிள்ளையின் அம்மா ஒரு கப்பை எடுத்துக்கொண்டு, "ஒக்காரும்மா நீயும்" என்றார். மாப்பிள்ளை எழுந்து, "நான் போய் கூப்புடவா?" என்று கேட்டான். அவன் அப்பா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். "வேணாம். வேலையா இருக்காரு. முடிச்சிட்டு வரட்டும்."

அவர் இறங்கிவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். பின்பக்கம் ஏணி சாத்தியபடியே இருந்தது. இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை என்று ஒரு வார்த்தை சொல்லி உள்ளே வந்திருந்தால் போதும். வந்தவர்கள் அதற்கு இடம் வைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டிய கொட்டில் நாங்கள் பேசியது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. இருந்தும் ஏதேதோ பேசினோம். கரட் விலை, மருந்துக் கடை, பிள்ளைக்காம்பரா. நடுநடுவே மேலே தகரம் நெளியும். பேச்சு நிற்கும். பிறகு யாராவது எதையாவது தொடங்குவோம். அந்த மழையில் ஒரு மனிதர் எங்கள் தலைக்கு மேல் குப்புறப் படுத்துக் கிடக்கிறார், அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தக் காம்பராவில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சட்டியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வரவேயில்லை. மழை குறையாமலே அவர்கள் எழுந்தார்கள். வெற்றிலையை அண்ணியின் கையில்தான் கொடுத்தார்கள். மகள் குடை பிடித்து ரோடு வரை கூட்டிப் போனாள்.

திரும்பி வந்து அவள் பின்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். மேலே அவர் ஈரச் சாக்குப் போலக் கிடந்தார்.

"எறங்குங்கப்பா. போயிட்டாங்க."

"ஏதும் கேட்டாங்களா?"

"நீங்க மேல இருக்கிறீங்கன்னு நான் சொல்லிட்டேன்."

அவர் இறங்கினார். எங்கள் இருவரையும் தாண்டித் தண்ணீர்ப் பீலியடிக்குப் போய், அவ்வளவு மழையில் நனைந்த மனிதர், முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டேயிருந்தார்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. லயத்திலிருந்துதான் பெண் புறப்பட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். நுவரெலியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மண்பாதையில் இறங்கி வந்தார்கள், எங்கள் இஸ்தோப்புகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அண்ணன் பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தியில் மரக்கறிக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவரைப் பழையபடி பேச வைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

"என்னா சம்பந்தி, இத்தன பேருக்கு முன்னால சொல்லுங்க. ஹட்டனா, நுவரெலியாவா?"

தேத்தண்ணிக் கடை ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டுபாயில் வேன் ஓட்டியவர்கூட இலையிலிருந்து நிமிர்ந்து சிரிக்கத் தயாராக இருந்தார்.

"நுவரெலியாதாங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் அண்ணன் கட்டடம் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் மட்டும் கேட்கும்.

கொஞ்ச மாதத்தில் திரும்பக் கட்டாருக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டார். இந்த வயதில் எதற்கு என்று அண்ணி அழுதார். மகள் நுவரெலியாவிலிருந்து வந்து கேட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாரே தவிர நிற்கவில்லை. போகிற அன்று காலையில் வேன் ரோட்டில் நின்றது. அண்ணியும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற வழியில் அவரோடு மேட்டில் ஏறினேன். பாதி வழியில், என் பாதை பிரிகிற இடத்தில் நின்றார்.

"தங்கச்சி, அன்னைக்கு நீ உள்ளதானே இருந்த?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "ஆமாண்ணே."

"மழ சத்தத்துல எனக்கு ஒன்னும் கேக்கல. என்னா பேசிக்கிட்டாங்க?"

"ஒங்க மகள நல்லா வளத்திருக்கீங்கன்னு சொன்னாங்க. தேத்தண்ணி நல்லா இருக்குன்னாங்க."

"என்னப் பத்தி?"

அன்று புறப்படும்போது மரக்கறிக்கடைக்காரர் இஸ்தோப்பில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே ஒரு தடவை கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "பாவம் மனுசன், நனையிறாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அண்ணனைப் பற்றிப் போகும்போது அவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

"ஒன்னும் சொல்லலண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு வார்த்தகூடவா?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். தோளிலிருந்த துண்டைச் சரி செய்துகொண்டு, "சரி, நீ போ. புள்ளைங்க அழப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் மேட்டில் ஏறிப் போனார்.